கன்னியம்மாவோடு யாரும் சண்டை போடவில்லை

என் ஜூனியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. "அக்கா, கிளையண்டுக்கு வாழ்க்கையின் அர்த்தத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது எப்படி? உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள்." கீழே ஒரு கும்பிடு, ஒரு பூங்கொத்து.

கண்டுபிடித்துக் கொடுப்பதாம். அது என்ன, பீரோவுக்குப் பின்னால் விழுந்த சாவியா? எனக்கு வந்த எரிச்சலில் உடனே பதில் எழுதியிருந்தால் குழுவை விட்டே தூக்கியிருப்பார்கள். அதனால் ஒரு வாரம் பொறுத்து, ஒரு பக்கத்துக்குப் பதிலாகப் பல பக்கங்கள் எழுதுகிறேன். படிக்கட்டும்.

எனக்கு வயது முப்பத்தைந்து. வேலையை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் இந்தப் பிள்ளைகளுக்கு நான் 'ரிடையர்டு அக்கா'. மந்தைவெளியில் நான் வேலை பார்த்த ஆலோசனை மையத்தை, அதை நடத்திய கோமதி மேடம் உடம்புக்கு முடியாமல் ஒதுங்கியதும், கைப்பேசிச் செயலி நடத்தும் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. செயலியில் சில கேள்விகள் வரும். பதில் சொன்னால் திரையில் ஒரு நட்சத்திரம் சுழன்று, 'உங்கள் வாழ்வின் நோக்கம்: பிறருக்கு உதவுதல்' என்று நிற்கும். நான் வேண்டுமென்றே தாறுமாறாகப் பதில் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் பிறருக்கு உதவுதல்தான். மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நான் படித்து வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தேன். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். பிறகு உளவியலில் பட்டம், மேல்பட்டம், பயிற்சி. இவ்வளவுதான். மேடையில் ஏற்றி, 'மீனவர் மகளின் சாதனை' என்று மைக்கைக் கையில் திணித்தவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. நான் நன்றாகப் படித்தேன், அதில் எனக்குப் பெருமை உண்டு. அதைக் கேட்டு யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம்.

கோமதி மேடம் செய்தது அர்த்தத்தை மையமாக வைத்த உளசிகிச்சை. நாம் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான் என்று ஒருவருக்குத் தோன்ற ஆரம்பித்தால், அதுவே அவரை நோயில் தள்ளும் என்பது அதன் அடிப்படை. மருந்தை அது மறுப்பதில்லை. மருந்துக்குப் பிறகும் மிச்சமிருப்பதைப் பார்க்கும்.

மேடம் மயிலாப்பூர்க்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எங்கள் வீட்டில் யாராவது மெதுவாகப் பேசினால் காய்ச்சலா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எனக்கு அவர் அறை ஒரு தண்டனை. கிளையண்ட் உள்ளே வந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுவார். அதன் சத்தத்துக்குள் மனிதர்கள் ஒளிந்துகொள்வார்களாம். சித்திரை மாதத்திலும் அதே சட்டம். டிஷ்யூப் பெட்டியை மேசையில் வைக்க விடமாட்டார். "அழறதுக்கு முன்னாடியே துடைச்சுக்கோன்னு நீட்டினா எப்படி?" என்பார். கிளையண்ட் பதில் சொல்லி முடித்ததும் நாம் மூன்று முறை மூச்சு விட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். பாதிப் பேர் தங்கள் உண்மையான பதிலை அந்த இடைவெளியில்தான் சொல்வார்கள்.

முதல் சந்திப்பில் 'அர்த்தம்' என்ற சொல்லே வரக்கூடாது. நேற்று காலை எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்ன செய்தீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். அதில் எந்த இடத்தில் குரல் மாறுகிறது என்று கவனிக்க வேண்டும். வாழ்க்கையைப் பார்த்து உனக்கு என்ன அர்த்தம் என்று நாம் கேட்கக் கூடாது, வாழ்க்கைதான் நம்மைக் கேட்கிறது, நாம் பதில் சொல்ல வேண்டியவர்கள் என்பது இந்தச் சிகிச்சையின் பாலபாடம். நான் அதை முந்திரிக்கொட்டை மாதிரி கிளையண்டிடமே சொல்லிவிடுவேன். "ஸ்டெல்லா, அவா பதிலை நீயே சொல்லிண்டிருக்கே. அப்புறம் அவா எதுக்கு?" என்பார் மேடம். அதையும் மெதுவாகத்தான் சொல்வார். திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருக்கும்.

மேடத்தின் கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் உதாரணம் சொல்லிவிடுகிறேன். தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடை விற்பனையாளர் வந்தார். வாடிக்கையாளர் எதிரில் உட்கார்ந்தாலே அவருக்கு உள்ளங்கை வியர்க்கும். புடவையில் ஈரம் பட்டுவிடுமோ என்ற பயத்தில் இன்னும் வியர்க்கும். மேடம் அவரிடம், "நாளைக்கு முதல் கஸ்டமர் வந்த உடனே மனசுக்குள்ள சொல்லிக்கோங்கோ. நேத்து ஒரு டம்ளர்தான் வேர்த்தது, இன்னிக்கு ஒரு குடம் வேர்த்துக் காட்டறேன்னு" என்றார்.

"மேடம், முகூர்த்தப் பட்டு மேடம்!" என்று அவர் அலறினார்.

அடுத்த வாரம் வந்து, "கையை நீட்டி வா வான்னு கூப்பிட்டேன் மேடம், வரவே மாட்டேங்குது" என்று வருத்தமாகவே சொன்னார். பயம் நாம் ஓடும்வரை துரத்தும், வா என்று அழைத்தால் நின்றுவிடும். இது இந்தச் சிகிச்சையின் பழைய உத்தி. அதற்குப் பிறகு அதே கடையிலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்து, முழங்கால் வலிக்கும் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைத் திருப்பி அனுப்புவது என் வேலையாயிற்று.

இப்போது கன்னியம்மா. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

அவரை அழைத்து வந்தவர் அவருடைய மகன் பிரபாகர். மென்பொருள் நிறுவனத்தில் நல்ல வேலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் சொந்த அடுக்குமாடி வீடு. எங்கள் குப்பத்துக்கு அடுத்த குப்பத்துப் பிள்ளை; நான் சாந்தோம்காரி என்பதை அம்மா, மகன் இருவரிடமும் முதல் நாளே சொல்லியிருந்தேன். அந்த வீட்டிலும் அவர்தான் முதலில் படித்தவர். கன்னியம்மா மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் விற்றுத் தனியாளாக அவரைப் படிக்க வைத்தவர். ஒரு வருடம் முன்பு பிரபாகர், "அம்மா, இனிமேல் நீங்க கூடையைத் தொடக்கூடாது, உட்கார்ந்து சாப்பிடுங்க" என்று சொல்லித் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். அம்மா உட்கார்ந்தார். சாப்பிடத்தான் இல்லை.

உடம்பில் குறை ஒன்றும் இல்லை என்று எல்லாப் பரிசோதனையும் சொன்னது. மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் மட்டும் வந்தது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பாடு இறங்கவில்லை. எலும்பும் தோலுமாக ஆகிவிட்டார். 'என்ன சீக்கிரம் அனுப்பிச்சுடு நைனா' என்று மகனிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"கேளம்பாக்கம் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கேன் மேடம். நர்ஸ் கூடவே இருப்பாங்க. இந்த மாசத்துக்குள்ள அம்மா சாப்பிட ஆரம்பிக்கலைன்னா அங்க விட்டுடலாம்னு டாக்டரே சொல்றார்" என்றார் பிரபாகர். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கெட்ட மகன் இல்லை. அதுதான் பிரச்சினையே.

கன்னியம்மாவை அந்த இல்லத்தில் விட்டால் திரும்பி வரமாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அங்கேயும் இதே சுவரைப் பார்த்து உட்காருவார், பார்த்துக்கொண்டே முடிந்துபோவார்.

முதல் சந்திப்பு. மின்விசிறி நிறுத்தியாயிற்று. நேற்று எழுந்ததிலிருந்து என்ன செய்தீர்கள்?

"இன்னா செய்றது? குந்திக்கினு இருந்தேன்."

மூன்று மூச்சு.

"அவ்ளோதாம்மா."

இன்னும் மூன்று மூச்சு விட்டேன். அவர் என் நெற்றியில் வழியும் வியர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த இடத்திலும் குரல் மாறவில்லை. எதைக் கேட்டாலும் 'நல்லாத்தான் கீறேன்', எதைச் சொன்னாலும் 'உன் இஷ்டம்மா'.

வேலையைப் பறித்ததால்தான் இந்த நிலைமை என்று மேடம் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மேடம் சொன்னபடி அவரை மந்தைவெளி மார்க்கெட்டுக்கு, அவர் உட்கார்ந்து விற்ற இடத்துக்கே அழைத்துப் போனேன். வஞ்சிரமும் சங்கராவும் பரப்பி வைத்து வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். கன்னியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இத்த காட்டவா இட்டாந்த? சனியன் ஒயிஞ்சுதுன்னு நானே நிம்மதியா கீறேன். இந்த நாத்தத்துல திரும்பவும் குந்த சொல்றியா?"

ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்தது. இந்தப் பெண்மணிக்கு மீன் வேண்டாம், ஓய்வும் வேண்டாம், மகன் வீடும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம். பிறகு என்னதான் வேண்டும்?

அடுத்த சந்திப்பில் நான் ஏற்கெனவே கொதித்துப் போயிருந்தேன். வெயில் வேறு. காபி குடிக்கிறீர்களா என்றேன். "உன் இஷ்டம்மா." ஜன்னலைத் திறக்கட்டுமா? "உன் இஷ்டம்மா." இல்லத்துக்குப் போக உங்களுக்குச் சம்மதமா? அதற்கும் அதே பதில்.

மூன்று மூச்சு விட என்னால் முடியவில்லை. வாயில் வந்தது எங்கள் குப்பத்துப் பேச்சு.

"இன்னா எதுக்கெடுத்தாலும் உன் இஷ்டம் உன் இஷ்டம்? மீன் விக்கறப்பவும் இப்படித்தான் குடுத்தியா? அப்ப மந்தவெளி பொம்பளைங்க உன்ன நல்லா ஏச்சுக்கினு போயிருப்பாளுங்க!"

கன்னியம்மா தலையைத் தூக்கினார்.

"யாரு, என்னயா? ஏ, யாராண்ட பேசற? என்ன ஏய்க்க ஒருத்தி பொறந்து வரணும்!"

"பாத்தா தெரியுதே. ஐஸ் மீனத்தான் புதுசுன்னு தலையில கட்டியிருப்ப, அதான் பேசாம போயிருப்பாங்க."

"வாய கியிச்சுடுவேன்! செவுளத் தூக்கிக் காட்டி வித்தவ நானு. ஐஸ் மீன் விக்கறது உங்க சாந்தோம்காரிங்க. அவளுங்களுக்கு வாய்தான் கீது, தராசு கெடையாது."

"எங்கம்மா சாந்தோம்ல விக்கறவங்க. தராசப் பத்தி நீ சொல்லாத!"

"சொன்னா இன்னா பண்ணுவ? போய் உங்கம்மாவ இட்டுக்கினு வா, அவளாண்டயே கேக்கறேன்!"

நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். சத்தம் கேட்டு மேடம் கதவைத் திறந்தார். கன்னியம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ போம்மா, நாங்க பேசிக்கினு கீறோம்" என்றார்.

மேடம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். அந்த மையத்தில் அவரைப் போகச் சொன்னவர் யாரும் அதற்கு முன் இல்லை.

இருவரும் மூச்சு வாங்கினோம். கன்னியம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, "காபி கேட்டியே, இருந்தா குடு. சக்கர ஒயுங்கா போடு" என்றார். ஒரு டம்ளர் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தானாகப் பேசினார்.

"எம்மா நாளாச்சு தெரியுமா, ஒருத்தர் என்ன எதிர்த்துப் பேசி? வூட்ல எது சொன்னாலும் 'சரிம்மா', 'சரி அத்தை'. ஒரு நாளு வேணும்னே மருமவளாண்ட சொன்னேன், இது நேத்து வச்ச கொயம்புன்னு. என் கண்ணு முன்னாலதான் காலைல வச்சா அந்தப் பொண்ணு. அதுக்கும் 'சாரி அத்தை'ங்குது. மார்க்கெட்ல ஒருத்தி விடாம கேப்பா. இன்னா இது கண்ணு செவந்து கீது, இன்னா இந்த வெல சொல்ற, நேத்து குடுத்தது முள்ளுன்னு. ஒவ்வொருத்திக்கும் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். இங்க யாரு என்னய இன்னா கேக்கறாங்க? செத்தவங்க படத்துக்கு முன்னாலதான் இப்படி யாரும் எதிர்த்துப் பேசாம நிப்பாங்க."

அன்று மாலை மேடம் என்னை அழைத்தார்.

"ஸ்டெல்லா, நீ பண்ணினது சிகிச்சை இல்லை. அது பலிச்சுது, அவ்வளவுதான். நாளைக்கு இன்னொருத்தர்கிட்ட இதே மாதிரி கத்தினா அவா அப்படியே ஒடிஞ்சு போகலாம்."

"தெரியும் மேடம். ஆனா வாழ்க்கைதான் நம்மைக் கேட்கும்னு நீங்கதானே சொல்வீங்க? அந்த அம்மாவை அந்த வீட்டுல ஒருத்தரும் ஒண்ணுமே கேட்கலை மேடம். பதில் சொல்ல இடமே இல்லாம வச்சிருக்காங்க."

மேடம் மூன்று மூச்சு விட்டார். எனக்கு மூன்று மணி நேரம் போலிருந்தது.

"பையனைக் கூப்பிடு. அந்தப் பொண்ணையும்."

இந்த இடத்தில் ஜூனியர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். முதல் தலைமுறையாகப் படித்தவர்களான எங்களுக்கென்றே ஒரு வியாதி உண்டு. சத்தம் போட்டுப் பேசுவதுதான் ஏழ்மை என்று நினைத்துக்கொள்வோம். வேலை கிடைத்ததும் வீட்டுக்குள் முதலில் குறைப்பது குரலைத்தான். 'நீ' போய் 'நீங்க' வரும். அம்மாவின் பேச்சைத் திருத்துவோம், பிறகு அதுவும் அவமரியாதை என்று விட்டுவிடுவோம். கடைசியில் அம்மாவோடு பேசுவதற்கு மரியாதையைத் தவிர ஒன்றும் மிச்சமிருக்காது. பிரபாகர் இதை எந்தக் குறையும் இல்லாமல் செய்திருந்தார்.

மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். மேடம் விஷயத்தைச் சொன்னதும் பிரபாகர் முகம் சிவந்துவிட்டது.

"எங்கம்மா எனக்காக வெயில்ல உட்கார்ந்தவங்க மேடம். அவங்களை எதிர்த்துப் பேசச் சொல்றீங்களா? நான் அந்த மாதிரி வளரலை."

"நீயா வளந்த? நான் வளத்தேன்" என்றார் கன்னியம்மா, சுவரைப் பார்த்து.

மேடம் மருமகள் வித்யாவின் பக்கம் திரும்பினார். வித்யா ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், அடையாறில் பிறந்து வளர்ந்த பெண். "உங்களுக்கு அத்தையோட எதுலயாவது ஒத்துப்போகலையா?"

வித்யா கணவரைப் பார்த்தார். "அப்படி ஒண்ணும் இல்ல மேடம். அத்தை எது சொன்னாலும் சரிதான்."

மின்விசிறி ஓடவில்லை. மேடம் காத்திருந்தார். ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதற்குள் வித்யாவின் குரல் வந்தது.

"அந்தக் குழம்பு அன்னைக்குக் காலையில வச்சதுதான்."

"வித்யா!" என்றார் பிரபாகர்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?" என்று கன்னியம்மா சடாரென்று திரும்பினார். "நாக்க அடகு வச்சிட்டியா?"

"உங்க பிள்ளைதான் வாயே திறக்கக் கூடாதுன்னார் அத்தை! உங்களுக்கு பிரஷர் ஏறிடுமாம். நீங்க சொல்ற அளவுக்குப் புளி கரைச்சா யாரும் சாப்பிட முடியாது. அதையும் சொல்லாம வாயை மூடிட்டு இருக்கேன்!"

"பிரபாகர், நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருங்கோ" என்றார் மேடம், வழக்கமான மெல்லிய குரலில்.

அவர் வெளியே போய் வரவேற்பறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே புளியில் ஆரம்பித்து, துணி காயப்போடும் விதம்வரை போனது. மேடம் அந்த மாலையில் பேசிய வாக்கியங்கள் குறைவு. ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் பதில் சொல்லாமல் அடுத்ததற்குத் தாவினால் மட்டும் கையை உயர்த்தி நிறுத்துவார். கேட்டதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. சண்டைக்கும் ஒரு முறை வைத்துவிட்டார். எனக்கு அது அன்றைக்குக் கிடைத்த பாடம். கத்தத் தெரிந்தால் மட்டும் போதாது.

கன்னியம்மாவின் சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. ஆனால் பிரபாகர் மாறவில்லை. வீட்டில் சத்தம் கேட்பதே அம்மாவின் நோய் முற்றியதற்கு அடையாளம் என்று நினைத்தார். இனி மையத்துக்கு வரமாட்டோம் என்று எனக்குச் செய்தி அனுப்பினார். மரியாதையான செய்தி. இல்லத்தில் இடம் உறுதியாகிவிட்டதாம். நான் போன் செய்தேன். "உங்க முயற்சிக்கு நன்றி மேடம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை வித்யாவிடமிருந்து அழைப்பு வந்தது.

"மேடம், இவர் பையெல்லாம் எடுத்து வச்சுட்டார். கார் கீழ நிக்குது. அத்தை சோபாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, எழுந்திருக்க மாட்டேங்குறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். நீங்க கொஞ்சம் இவர்கிட்ட…"

அவர் முடிப்பதற்குள் பின்னால் கன்னியம்மாவின் குரல் கேட்டது.

"வரமாட்டேன். இன்னா பண்ணுவ? தூக்கிக்கினு போவியா?"

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான்…"

"என் நல்லது எனக்குத் தெரியும். உனக்கு இன்னா தெரியும்? மரியாத தெரியும். வேற இன்னா தெரியும்?"

"அம்மா, ப்ளீஸ்."

"ப்ளீசும் வாணாம், பல்லிளிப்பும் வாணாம். நீ என்ன கொண்டுபோய் வுடறது எனக்கா, உனக்கா? அத்த சொல்லு மொதல்ல."

அதற்கு ஓர் ஆண் குரல் வெடித்தது. அது பிரபாகரின் குரல் என்று எனக்கு உடனே புரியவில்லை.

"பின்ன நான் இன்னாதாமா பண்றது? இத்தினி நாளா சோறு துன்னாம குந்திக்கினு, செத்துப்போறேன் செத்துப்போறேன்னு சொல்லிக்கினு இருந்த. பகல்ல ஆபீஸ்ல ஒக்காந்தா உன் மூஞ்சிதான் தெரியுது. நீ போய்ட்டா எனக்கு யாருமா கீறாங்க? பதில் சொல்லு! கேக்கறன் இல்ல, சொல்லு!"

வித்யா போனில் மூச்சைப் பிடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. நானும் பிடித்துக்கொண்டேன்.

"இத்த கேக்க உனக்கு ஒரு வருசமாச்சா?" என்றார் கன்னியம்மா. குரல் இறங்கியிருந்தது. "சொல்றேன் குந்து. ஏ வித்யா, யாராண்ட பேசிக்கினு கீற? தட்டு எடுத்தா. இவனும் காலைலேர்ந்து துன்னல. வெறும் வயித்துல கத்துனா இவனுக்குத் தல வலிக்கும்."

வித்யா போனை எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டார். அணைக்க மறந்துவிட்டார். தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு மேல் கேட்பது முறையில்லை என்று நான்தான் அணைத்தேன்.